ஜனவரியில் சந்தியாகோ நடை: ஓ செப்ரெய்ரோ வழியா, குளிர்கால வழியா?

கோவைக்கிளி

எல்லோருக்கும் வணக்கம். ஸ்பெயினில் சந்தியாகோ பேராலயத்துக்குப் போகிற யாத்திரைப் பாதையில் நடக்க வேண்டும் என்று ரொம்ப வருஷமாக ஆசை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், வயது 57, சர்க்கரை கிடையாது, முட்டி நன்றாகவே இருக்கிறது, வெள்ளியங்கிரி ஏறி இறங்குகிற உடம்புதான். என் சூழ்நிலைக்கு 2027 ஜனவரியில்தான் போக முடியும், கையில் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பிரான்ஸ் எல்லையிலிருந்து வருகிற பிரெஞ்சு வழியில் லெயோன் நகரத்திலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன். இதற்கிடையில் பொன்ஃபெராடாவிலிருந்து 'குளிர்கால வழி' என்று ஒன்று பிரிகிறது, அதில் ஆளே இருக்காது என்று ஒருவர் சொன்னார்.

பனி எவ்வளவு இருக்கும், தங்க இடம் கிடைக்குமா, தனியாக ஒரு பெண் நடக்கலாமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா? இந்த நான்கும்தான் என் கேள்வி. கூட்டத்தோடு நடக்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் மாட்டிக்கொண்டு நிற்கவும் விருப்பமில்லை.

ஆற்றங்கரை

வணக்கம் அக்கா. வேலை நிமித்தமாக ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவில்தான் குடியிருக்கிறேன், சந்தியாகோவும் இங்கேதான், நீங்கள் சொல்லும் பாதை எனக்குப் பழக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பனி. பிரெஞ்சு வழியில் குளிர்காலத்தில் சிக்கல் தருகிற இடங்கள் மூன்று. ஒன்று பிரான்ஸ் எல்லையில் பைரனீஸ் மலை. அங்கே நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை நெப்போலியன் பாதை என்கிற மலைமேல் வழியை மூடிவிடுவார்கள், எல்லோரும் கீழே வால்கார்லோஸ் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போக வேண்டும். அது உங்களுக்குத் தேவைப்படாது. இரண்டாவது 'இரும்புச் சிலுவை' நிற்கிற மேடு, ஏறத்தாழ 1,500 மீட்டர். மூன்றாவது ஓ செப்ரெய்ரோ, சுமார் 1,300 மீட்டர், கலீசியாவுக்குள் நுழைகிற வாசல் அதுதான். லெயோனிலிருந்து புறப்பட்டால் இரண்டாவதும் மூன்றாவதும் உங்கள் வழியில் வரும். நல்ல நாளாக இருந்தால் பிரமாதமான நடை. மூடுபனியும் காற்றும் சேர்ந்துவிட்டால் பாதை எது, பள்ளம் எது என்றே தெரியாது, அப்போது தார்ச் சாலையோரமாகவே நடந்து இறங்க வேண்டியிருக்கும்.

குளிர்கால வழி, காமினோ தெ இன்வியெர்னோ, இந்த ஓ செப்ரெய்ரோவைத் தவிர்ப்பதற்காகவே பழங்காலத்திலிருந்து ஆட்கள் போன வழி என்று இங்கே சொல்வார்கள். பொன்ஃபெராடாவில் பிரிந்து, சில் ஆற்றைப் பிடித்துக்கொண்டு தென்மேற்கே இறங்கி, மோன்ஃபோர்தே, சந்தாடா, லாலின் என்று சுற்றி சந்தியாகோ போய்ச் சேரும். மொத்தம் சுமார் 263 கிலோமீட்டர். 2016இல்தான் கலீசிய அரசு இதை அதிகாரபூர்வ யாத்திரை வழியாக ஏற்றுக்கொண்டது. கலீசியாவின் நான்கு மாவட்டங்களிலும் கால் வைக்கிற ஒரே யாத்திரைப் பாதையும் இதுதான்.

ஆற்றோரம் என்பதால் பள்ளத்தாக்கில் பனி விழுவது அரிது. கிரோகா பக்கம் ஆலிவ் மரமே காய்க்கிறது, அந்த அளவுக்கு இதமான இடம். ஆனால் மழை உண்டு. அக்கா, கலீசியாவில் ஜனவரி என்றால் மழைதான் விஷயம், பனி இல்லை. நாள் முழுக்கத் தூறும், நிற்கும், மறுபடி தூறும். ஐந்து டிகிரியில் நனைந்தபடி நடப்பது, காய்ந்த பனியில் நடப்பதைவிட உடம்பை வாட்டும்.

மற்ற கேள்விகளுக்கு ராத்திரி வந்து எழுதுகிறேன்.

பழனிப்பாதை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவன். எனக்கு இந்த 'ஆளே இல்லாத பாதை' என்கிற ஆசை புரியவில்லை. யாத்திரை என்றாலே முன்னால் ஒருவர் காவடியோடு போவார், பின்னால் ஒருவர் அரோகரா சொல்லிக்கொண்டே வருவார், வழியெல்லாம் பந்தல் போட்டு நீர்மோரும் சாப்பாடும் கொடுப்பார்கள், கால் கொப்புளத்துக்கு முகம் தெரியாத ஒருத்தர் மருந்து போட்டுவிடுவார். அந்த மனுஷங்களால்தான் அது யாத்திரை. ஆளில்லாத இடத்தில் முதுகுப் பையோடு நடப்பது நல்ல உடற்பயிற்சியாக இருக்கலாம், அதற்கு யாத்திரை என்ற பெயர் எதற்கு? குறை சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

தீவுக்காரன்

நல்ல கேள்விதான் அண்ணே. நான் தங்கச்சிமடத்துக்காரன். எங்கள் வேர்க்காடு கோயில் சந்தியாகப்பர் கோயில். அங்கே இருக்கிற அதே யாகப்பர், இயேசுவின் சீடர், அவர்தான் ஸ்பெயினிலும். ஜூலை 25 திருநாளுக்கு எங்கள் ஊரில் சாதி மதம் பார்க்காமல் கூட்டம் சேரும், தேர் வரும். எனக்கும் கூட்டம் இல்லாத யாகப்பரை நினைத்துப் பார்க்கவே கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று. திருவிழா முடிந்த பிறகு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மதியம் அதே கோயிலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறீர்களா? அதுவும் கோயில்தானே?

கோவைக்கிளி அம்மா, 2027 ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமை. அப்படி வருகிற வருஷம் அவர்களுக்குப் புனித ஆண்டு. புனித ஆண்டில் மட்டும் திறக்கிற பேராலயத்தின் புனிதக் கதவை முந்தின டிசம்பர் 31 மாலையிலேயே திறந்துவிடுவார்கள். நீங்கள் போகிற ஜனவரியில் கதவு திறந்திருக்கும், கூட்டம் வந்திருக்காது. கோடையில் வரிசையில் மணிக்கணக்காக நிற்பவர்களுக்குக் கிடைக்கிற அதே கதவு.

கோவைக்கிளி

தம்பி, இது எனக்குத் தெரியவே தெரியாது! புனித ஆண்டு என்றாலே கூட்டம் என்று நினைத்து 2028க்குத் தள்ளலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நன்றி.

ஆற்றங்கரை

தீவுக்காரன் சொன்னது சரி. ஆகஸ்டில் ஒரே நாளில் இரண்டாயிரம் பேருக்கு மேல் சந்தியாகோவில் நடையை முடித்ததற்கான சான்றிதழ் வாங்குவார்கள். ஜனவரியில் மாதம் முழுவதுக்கும் சேர்த்தே எண்ணிக்கை சில ஆயிரத்துக்குள்தான். குளிர்கால வழியில் வருகிறவர்கள் வருஷக் கணக்கில் பார்த்தாலே நூறு பேரில் ஒருவர்கூடத் தேறமாட்டார்கள்.

இப்போது பாதை.

பொன்ஃபெராடாவில் டெம்ப்ளர் கோட்டையைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டால் முதலில் வருவது லாஸ் மெடுலாஸ், சுமார் 27 கிலோமீட்டர். உலகப் பாரம்பரியச் சின்னம், 1997இல் அறிவித்தார்கள். ரோமானியர்கள் தங்கத்துக்காக மலையை உடைத்த இடம். மலைக்குள் சுரங்கம் குடைந்து, தொலைவிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீரை ஒரேயடியாக உள்ளே திறந்துவிடுவார்கள், மலை வெடித்துச் சரியும், அந்தச் சேற்றை அலசித் தங்கம் எடுப்பார்கள். மூத்த பிளினி என்கிற ரோமானிய எழுத்தாளர் இதை எழுதிவைத்திருக்கிறார். மிச்சம் நிற்பது செம்மண் கூம்புகள், நடுவில் கஷ்கொட்டை மரங்கள். 2025 ஆகஸ்டில் பெரிய காட்டுத்தீ வந்து அந்தப் பகுதியைக் கடுமையாகப் பாதித்தது. அதனால் பழைய புகைப்படங்களில் பார்த்த பச்சையை அப்படியே எதிர்பார்த்துப் போகாதீர்கள். எரிந்த சரிவில் மழை பெய்தால் மண் கரையும், எனவே அங்கே பாதை நிலவரத்தை முந்தின நாள் உள்ளூரில் கேட்டுவிட்டு நடப்பது நல்லது.

அங்கிருந்து இறங்கினால் புவெந்தே தெ தொமிங்கோ ஃபுளோரெஸ், அப்புறம் கலீசியா எல்லை, சில் ஆறு. ஓ பார்கோ, ஆ ருவா இரண்டும் நல்ல சிற்றூர்கள், கடை, மருந்தகம், ரயில் நிலையம் எல்லாம் உண்டு. வால்தியோராஸ் பகுதி, கற்பலகை வெட்டுகிற குவாரிகளும் திராட்சைத் தோட்டங்களுமாக இருக்கும். ஆ ருவா தாண்டி மோன்தெஃபுராதோ என்று ஓர் இடம், அங்கே ஆற்றையே திருப்ப ரோமானியர்கள் மலையைக் குடைந்திருக்கிறார்கள். கிரோகா. அதன் பிறகு மோன்ஃபோர்தே வரை ஏறத்தாழ 35 கிலோமீட்டர், அதுதான் இந்த வழியின் மிக நீண்ட நாள். ஜனவரியில் அதை ஒரே நாளில் நடக்க நான் சொல்லமாட்டேன், ஆ போப்ரா தோ ப்ரொயோன் என்ற ஊரில் உடைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் வெளிச்சம். இது நம் ஊர்க்காரர்கள் யாரும் யோசிக்காத விஷயம். பழனிக்கு நடக்கிறவர்கள் வெயிலுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று விடிகாலை மூன்று மணி, நான்கு மணிக்கே கிளம்புவோம். கலீசியாவில் ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் உதிக்கவே காலை ஒன்பது மணி ஆகிவிடும்! நேரக் கணக்கு மத்திய ஐரோப்பாவுடையது, இடமோ மேற்குக் கோடி. மாலை ஆறேகாலுக்குள் அஸ்தமனம். உங்களுக்குக் கிடைப்பது ஒன்பது மணி நேர வெளிச்சம், அதில் சாப்பாட்டுக்கும் ஈரக் காலுறை மாற்றுவதற்கும் நேரம் கழித்துக்கொள்ளுங்கள். மணிக்கு நான்கு கிலோமீட்டர் என்று தாளில் போட்ட கணக்கு சேற்றில் மூன்றாகிவிடும். ஆகவே ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிலோமீட்டர், அதற்குமேல் வேண்டாம்.

நூல்கண்டு

குளிர் உடுப்புக்கு என்ன எடுத்துப் போவது? இங்கே சென்னையில் கிடைக்கிற ஜாக்கெட் போதுமா? அப்புறம் விசா விவரம் யாராவது சொன்னால் எனக்கும் உதவும்.

வெயிலாள்

நான் டப்ளினில் செவிலியராக இருக்கிறேன், குளிர்கால வழியில் தனியாக நடந்த பெண். அதனால் உடுப்பும் பாதுகாப்பும் என் பங்கு.

தடிமனான ஒரே ஜாக்கெட் எடுத்துப் போகாதீர்கள். ஏறும்போது வேர்க்கும், வேர்வை உள்ளேயே நின்று, நீங்கள் நின்றதும் அதுவே குளிரும். உடம்போடு ஒட்டுகிற மெரினோ கம்பளிப் பனியன் ஒன்று, நடுவில் ஃபிளீஸ், வெளியே மழைக்கும் காற்றுக்கும் தாங்குகிற மெல்லிய மேலுடை. பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. பையையும் சேர்த்து மூடுகிற பெரிய மழை அங்கி நல்லது, ஆனால் மலைமுகட்டில் காற்றில் அது பறந்து முகத்தை மூடும், இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொண்டால் சரியாகிவிடும். கையுறை இரண்டு ஜோடி. பை மொத்த எடை உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பாருங்கள், குளிர்கால உடுப்போடு இது கஷ்டம்தான், முயற்சி செய்யுங்கள்.

காலணி தினமும் நனையும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும். விடுதிக்குப் போனதும் முதல் வேலை, உள்தகட்டை உருவி வெளியே எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கிக் காலணிக்குள் விரல் நுனி வரை இறுக்கித் திணிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் தாள் கனத்து ஈரமாக வெளியே வரும். மாற்றித் திணியுங்கள். படுக்கப் போவதற்கு முன் இன்னொரு தடவை. ஹீட்டர் மேல் மட்டும் வைக்காதீர்கள், பசை விட்டுப்போய் அடிப்பகுதி பிரிந்துவிடும். பழைய செய்தித்தாள் எந்த பாரில் கேட்டாலும் கொடுப்பார்கள், யாத்திரிகர் எதற்குக் கேட்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும்.

தனியாக நடப்பது பற்றி: மனிதர்களால் எனக்குப் பயம் வந்ததில்லை. நாய் உண்டு, பெரிய பெரிய கிராமத்து நாய்கள், பெரும்பாலும் கட்டியிருக்கும் அல்லது வேலிக்குள் நிற்கும், கையில் குச்சி இருந்தால் தைரியம். குளிர்காலம் காட்டுப்பன்றி வேட்டைப் பருவம் என்பது முக்கியம். வார இறுதியில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும், வழியில் வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்திருப்பார்கள். சாலைப் பணியாளர் போடுகிற பளிச்சென்ற மஞ்சள் அல்லது ஆரஞ்சு மேலங்கி ஒன்று வாங்கிப் பையின் மேலேயே போட்டுக்கொள்ளுங்கள். மூடுபனியில் சாலையோரம் நடக்கும்போதும் அதுதான் காப்பாற்றும். அவசர எண் 112. ஸ்பெயின் காவல்துறையின் அலர்ட்காப்ஸ் செயலியையும் கைப்பேசியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வழுக்கி விழுவதுதான் உண்மையான ஆபத்து. பெலெசார் இறக்கத்தைப் பற்றி யாராவது சொல்லியே ஆக வேண்டும். மோன்ஃபோர்தேயிலிருந்து வரும்போது தியோமொந்தி என்ற இடத்தில் பழைய ரோமனெஸ்க் தேவாலயம் ஒன்று இருக்கிறது, அதன் பக்கத்திலிருந்து மீன்யோ ஆறு வரை செங்குத்தாகக் கல் பாவிய ரோமானியப் பாதை வளைந்து வளைந்து இறங்கும். அந்தக் கல் முழுக்கப் பாசி. பாசி மேல் கஷ்கொட்டை இலை மக்கிக் கிடக்கும், இலைக்குள் முள் ஓடுகள். காலை வைத்தால் கல்லா, குழியா, இரண்டு கல்லுக்கு நடுவில் ஓடுகிற தண்ணீரா என்று தெரியாது. குச்சியால் தட்டிப் பார்த்து, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, ஒவ்வோர் அடியாக இறங்கினேன். கீழே ஆறு, இரண்டு கரையிலும் படிப்படியாகத் திராட்சை, இலை ஒன்றுகூட இல்லாமல் வெறும் கட்டைகள், அந்தக் கட்டைகளைச் சரிவில் தொங்கியபடி ஒரு வயதானவரும் அவர் மனைவியும் கவாத்து செய்துகொண்டிருந்தார்கள். கை காட்டினேன், அவர் கத்தரிக்கோலை உயர்த்திக் காட்டினார். இறங்கிய அளவுக்கு மறுகரையில் சந்தாடாவுக்கு ஏற வேண்டும். அந்த ஒரு நாளுக்காகவே மறுபடி போவேன்.

நூல்கண்டு

நன்றி அக்கா. செய்தித்தாள் விஷயம் மலையேற்றத்துக்கும் உதவும்.

ஆற்றங்கரை

விசா பற்றிச் சுருக்கமாக: ஷெங்கன் குறுகிய கால விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்தாக வேண்டும், ஆனால் டிசம்பர் அவசரத்தில் சந்திப்பு நேரம் கிடைப்பது கஷ்டம், அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள். கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்குமிடச் சான்று கேட்பார்கள். ஒவ்வோர் ஊராக நடக்கப் போகிறேன் என்றால் முதல் இரண்டு இரவுக்கும் கடைசி இரவுக்கும் மட்டும் முன்பதிவு வைத்துக் கொடுக்காதீர்கள், எல்லா இரவுக்கும் ரத்து செய்யக்கூடிய பதிவாகவே போட்டு, ஊர் ஊராகத் தூரம் எழுதிய நடைத்திட்டத்தையும் இணைத்துக் கொடுங்கள்.

மாட்ரிட்டிலிருந்து பொன்ஃபெராடாவுக்கு ரயில் இருக்கிறது. இந்த வழியின் பெரிய வசதியும் ரயில்தான். பொன்ஃபெராடாவிலிருந்து மோன்ஃபோர்தே வரை தண்டவாளம் பெரும்பாலும் சில் ஆற்றோடு கூடவே வரும், ஓ பார்கோ, ஆ ருவா, கிரோகா எதிர்க்கரையில் சான் கிளோதியோ எல்லாவற்றிலும் நிலையம். ஒரு நாளைக்குச் சில வண்டிதான், ஆனாலும் காய்ச்சல் வந்தால், புயல் எச்சரிக்கை வந்தால், ஒரு பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். சான்றிதழுக்குக் கடைசி நூறு கிலோமீட்டர் தொடர்ந்து நடந்திருந்தால் போதும். மோன்ஃபோர்தேயிலிருந்து நடந்தாலே நூறுக்கு மேல் வந்துவிடும். மோன்ஃபோர்தேக்கு மேற்கே அந்த ரயில் உங்களோடு வராது, அங்கே பேருந்தும் டாக்சியும்தான்.

சந்தாடாவுக்கு அடுத்து மோன்தே ஃபாரோ. ஆயிரம் மீட்டரைத் தாண்டுகிற மலை, மேலே மாதா சிற்றாலயம், காற்றாலைகள். இந்த வழியில் பனி பார்க்க அதிக வாய்ப்புள்ள இடம். காலையில் மேகம் மலையை மூடியிருந்தால் சந்தாடாவிலேயே காப்பி குடித்துக்கொண்டு ஒரு நாள் இருங்கள். அதற்கென்றே திட்டத்தில் இரண்டு நாள் உபரியாக வையுங்கள்.

பழனிப்பாதை

விவரமெல்லாம் அருமை. ஆனால் என் கேள்விக்குப் பதில் வரவில்லையே. திருவிழா முடிந்த செவ்வாய்க்கிழமைக் கோயில் என்று தீவுக்காரன் சொன்னார், அது சரி. கோயில் அங்கேயே இருக்கிறது. வழி? வழியை வழியாக்குவது நடக்கிறவர்கள்தானே?

வெயிலாள்

அண்ணா, கிரோகா தாண்டி நடந்தபோது கதவு பூட்டிய வீடுகளாகவே வந்தன. கூரையில் கற்பலகை சரிந்து உள்ளே வானம் தெரிகிற வீடுகள். ஒரு காலத்தில் ஐம்பது குடும்பம் இருந்திருக்கும் போன்ற ஊரில் புகை வந்தது ஒரே புகைபோக்கியில். நாம் அமைதி அமைதி என்று சொல்கிறோம், அவர்களுக்கு அது பிள்ளைகள் வேலைக்காக மாட்ரிட்டுக்கும் பார்சலோனாவுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட வீடு. இதை நடக்கும்போதுதான் உணர்ந்தேன், அதற்கு முன்னால் எனக்கும் அது அழகான தனிமை மட்டும்தான்.

அந்த ஒரு புகைபோக்கி வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். மழை கொட்டியது, அவர் வீட்டுக் கூரைச் சாய்ப்பின் கீழ் ஒதுங்கினேன். கதவைத் திறந்து பார்த்தார், எதுவும் கேட்கவில்லை, உள்ளே வா என்று கையால் காட்டினார். விறகு எரிகிற இரும்பு அடுப்பு, சுற்றிலும் பலகை போட்ட இருக்கை. அடுப்போரம் என் கையுறையை விரித்து வைத்தார். வறுத்த கஷ்கொட்டை கொடுத்தார். எனக்கு கலீசிய மொழி தெரியாது, உடைந்த ஸ்பானியம்தான். போகும்போது சந்தியாகோவில் தனக்காகவும் யாகப்பரைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அங்கே பீடத்துக்குப் பின்னால் படியேறிப் போய் யாகப்பர் சிலையைத் தோளோடு கட்டிக்கொள்வது வழக்கம், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பந்தல் இல்லைதான். ஆனால் ஆகஸ்டில் பிரெஞ்சு வழியில் சாரியா பக்கம் ஆயிரம் பேரோடு நடந்திருந்தால் அந்தக் கதவு எனக்குத் திறந்திருக்குமா?

பழனிப்பாதை

அந்தப் பாட்டி கொடுத்தது அன்னதானம்தான். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படிப் பார்த்தால் அந்த வழியில் நடக்கிறவர்களுக்கு ஒரு கடமை உண்டு இல்லையா? நாங்கள் போகிற வழியில் உள்ள ஊர்க்காரர்கள் எங்களுக்காகக் காத்திருப்பார்கள், கூட்டம் குறைந்தால் அவர்களுக்கு மனசு கஷ்டப்படும். இங்கே அந்தப் பக்கத்திலிருந்து என்ன எதிர்பார்ப்பு இருக்கிறது?

ஆற்றங்கரை

இந்தக் கேள்வி கேட்டதற்கு நன்றி அண்ணா, நான் இங்கே எழுத வந்ததே இதற்காகத்தான் என்று சொல்வேன்.

குளிர்காலத்தில் உள்நாட்டுக் கலீசியாவில் ஒரு பார் திறந்து வைப்பது நஷ்டம். நாலு பெரியவர்கள் சீட்டாட வருவார்கள், அவ்வளவுதான் வியாபாரம். ஜனவரி 6 மூன்று அரசர் திருநாள் முடிந்ததும் பலர் விடுமுறை என்று கதவைச் சாத்திவிடுவார்கள். விடுதிக்காரர் ஒருவர் வருகிறார் என்று தெரிந்தால்தான் காலையிலேயே வந்து ஹீட்டர் போடுவார். அதனால் முந்தின நாளே தொலைபேசியில் கூப்பிடுங்கள். செயலியில் 'திறந்திருக்கிறது' என்று காட்டுவதை நம்பாதீர்கள், குரலைக் கேளுங்கள். ஸ்பானியம் தெரியாவிட்டால் முந்தின ஊர் விடுதிக்காரரிடமே கொடுத்துப் பேசச் சொல்லலாம், யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. திட்டம் மாறினால் மறக்காமல் கூப்பிட்டு வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்காக மட்டும் இரவு ஒன்பது மணி வரை ஒருவர் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

காசு அந்தந்த ஊரிலேயே செலவழியட்டும். பெரிய ஊர் சூப்பர்மார்க்கெட்டில் மூன்று நாளுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ரொட்டியும் பழமும் வாதுமையும் கையில் இருந்தால் போதும், அன்றைக்குக் கடை இருக்காது. நன்கொடையில் நடக்கிற விடுதியில் நன்கொடை என்றால் இலவசம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது கோபம் வரும் விஷயம். ஜனவரியில் ஒருவருக்காக எரிகிற எண்ணெய்க்கு என்ன செலவாகும் என்று யோசித்துப் பெட்டியில் போடுங்கள்.

இந்தப் பாதைகளெல்லாம் தாமாக உயிரோடு இருக்கவில்லை. இன்று ஸ்பெயின் முழுக்க நாம் பின்தொடர்கிற மஞ்சள் அம்புக்குறியை 1980களில் வண்ண டப்பாவோடு போய்ப் போட்டவர் எலியாஸ் வலின்யா, ஓ செப்ரெய்ரோ பங்குத்தந்தை. அப்போது பிரெஞ்சு வழியே ஆளில்லாமல்தான் கிடந்தது. அவர் 1989இல் இறந்தார், இப்போதைய கூட்டத்தைப் பார்க்கவில்லை. குளிர்கால வழியில் இன்று அம்பு போடுகிறவர்களும் முள் வெட்டுகிறவர்களும் உள்ளூர்ச் சங்கத்து ஆட்கள், ஊதியம் இல்லாமல். பழனிப்பாதை அண்ணா சொல்கிற மனுஷங்கள் இங்கேயும் இருக்கிறார்கள், எண்ணிக்கை குறைவு, அவ்வளவுதான். குறைவு என்பதால் ஒவ்வொருவரையும் நின்று பேசிவிட்டுத்தான் நகர முடியும்.

தீவுக்காரன்

அண்ணே, இதை அப்படியே தனிப் பதிவாகப் போடுங்கள்.

கோவைக்கிளி

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டேன், குறிப்பும் எழுதிக்கொண்டேன். லெயோன் திட்டத்தை விட்டுவிட்டேன். பொன்ஃபெராடாவிலிருந்தே தொடங்குகிறேன், ஒரு நாளைக்கு இருபத்தைந்துக்குமேல் இல்லை, உபரி இரண்டு நாள். ஜனவரி 7 அல்லது 8 அன்று நடக்கத் தொடங்கினால் விடுமுறைக் கதவடைப்பில் மாட்டுவேனா? சாப்பாட்டுக் கேள்விக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. முட்டை சாப்பிடுவேன், பால் சாப்பிடுவேன், மீனும் இறைச்சியும் கிடையாது.

வெயிலாள்

முட்டை உண்டு என்றால் பிழைத்துக்கொள்வீர்கள் அக்கா. தோர்த்தியா என்று உருளைக்கிழங்கு முட்டை அடை, எல்லா பாரிலும் இருக்கும், வெங்காயம் போட்டதாகக் கேளுங்கள். கவனிக்க வேண்டியது கால்தோ காலெகோ. கீரையும் உருளையும் வெள்ளை மொச்சையும் போட்ட சூடான குழம்பு, பார்த்தால் சைவம் மாதிரியே இருக்கும், ஆனால் பன்றிக்கொழுப்பு போட்டுத்தான் கொதிக்க வைப்பார்கள். பருப்புக் குழம்பிலும் சோரிசோ என்கிற பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் துண்டை எடுத்துவிட்டு அதே குழம்பைக் கொடுப்பார்கள், கொழுப்பும் பன்றியும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். பொன்ஃபெராடா இருக்கிற பியெர்சோ பக்கம் போத்தியோ என்று ஒன்றைப் பெருமையாகச் சிபாரிசு செய்வார்கள், அது முழுக்கப் பன்றி. பாலாடைக்கட்டி அருமை, ரொட்டி அதைவிட அருமை, கிரோகாவில் உள்ளூர் ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். விடுதியில் சமையலறை இருந்தால் கடையில் கண்ணாடிப் புட்டியில் வேகவைத்த கொண்டைக்கடலை கிடைக்கும். கொஞ்சம் சீரகமும் மிளகாய்த்தூளும் ரசப்பொடியும் சின்னப் பொட்டலமாகக் கொண்டுபோங்கள், எடை தெரியாது. நனைந்து வந்த மாலையில் சூடாக ரசம் வைத்துக் குடித்தேன், பக்கத்துப் படுக்கையில் இருந்த ஜெர்மன்காரரும் ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டு எப்படிச் செய்வது என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

ஆற்றங்கரை

ஜனவரி 7 என்றால் பலர் ஓய்வுக்குக் கிளம்புகிற நேரம் அக்கா. 11 அல்லது 12 வாக்கில் தொடங்கினால் மூடியவை கொஞ்சம் திறந்திருக்கும், வெளிச்சமும் சில நிமிஷம் கூடியிருக்கும். தேதி முடிவானதும் இங்கே போடுங்கள். வார நாளாக இருந்தால் மோன்ஃபோர்தே வந்து சந்தாடா வரை உங்களோடு நடக்க முடியுமா என்று பார்க்கிறேன், பெலெசார் இறக்கத்தில் ஒருவர் கூட இருந்தால் நல்லது.

பழனிப்பாதை

கோவைக்கிளி அம்மா, எந்த மாதிரிக் குச்சி எடுத்துப் போகிறீர்கள்? நாங்கள் பழனிக்கு மூங்கில்தான் வைத்துக்கொள்வோம், பாசிக் கல்லில் மூங்கில் அடிப்பாகம் வழுக்கும். முனையில் இரும்புப் பூண் போட்டதாக வாங்குங்கள், சாலையில் நடக்கும்போது மாட்ட ரப்பர் தொப்பியும் சேர்த்து.

கோவைக்கிளி

மடக்குகிற அலுமினியக் குச்சி இரண்டு வைத்திருக்கிறேன், முனை இரும்புதான். ரப்பர் தொப்பி தேய்ந்துவிட்டது, நாளைக்கே வாங்குகிறேன். ஆற்றங்கரைத் தம்பி, 2027 ஜனவரி 12 செவ்வாய்க்கிழமை பொன்ஃபெராடா. அதன்படி பார்த்தால் பெலெசாருக்கு 19ஆம் தேதி வாக்கில் வருவேன், அதுவும் செவ்வாய்தான்.